மோட்டார்க் கொட்டகையும் அயல்வீட்டுச் சாளரமும்

வீடு கட்டப் புகுவோர் நாள் பார்ப்பர், நிலையம் எடுப்பர், மனையடி சாத்திரம் வல்லாரை அழைத்து வாயில் எத்திசை, கிணறு எத்திசை என்று கேட்டறிவர். கல்லும் மண்ணும் வாங்கும் முன்னரே உறவினர் பத்துப் பேரின் அபிப்பிராயமும் வந்து குவிந்துவிடும். ஆனால், கட்டி முடித்த வீட்டின் பக்கத்தில் ஒரு கொட்டகை போடுவதாயின் இவற்றுள் ஒன்றும் நிகழ்வதில்லை. மேசனிடம் ஒரு சொல். கல்லுக்கு ஒரு சொல். ஒரு கிழமையில் சுவர் எழும்பிவிடும். “வீடா கட்டுகிறோம்? மோட்டார் விடுவதற்கு ஒரு கராச் தானே?” என்பதே எல்லாருடைய விடையும்.

இந்தத் “தானே” என்னும் சிறு சொல்லினால் விளைந்த பகைகள் எமது நாட்டில் எத்தனை என்று கணக்கெடுத்தார் இல்லை. வீடு என்பது பெரும்பாலும் காணியின் நடுவே நிற்பது. கொட்டகையோ வீட்டுக்கும் வேலிக்கும் இடையே உள்ள வெளியில் நிற்பது. அந்த வெளி உறுதியின்படி எமக்குரியதே. ஆயினும் அதனூடாக வரும் காற்றும் வெளிச்சமும் அயலவனுக்கும் சென்று சேர்கின்றன. அதில் விழும் மழைநீர் அவனுடைய முற்றத்துக்கும் வழி தேடுகின்றது. ஆகவே, வீட்டிலும் பார்க்கக் கொட்டகைக்கே அதிக யோசனை வேண்டும் என்பது எமது கருத்து. இக்கருத்து நூல்களைப் படித்ததனால் மாத்திரம் எமக்கு உண்டானதன்று.

முற்காலத்தில் எமது கிராமங்களில் இருந்தவை மாட்டுவண்டிக் கொட்டில்கள். நாலு பூவரசங்கால், மேலே பனையோலை அல்லது கிடுகு. வேலியை ஒட்டி நின்றாலும் அவற்றால் எவருக்கும் இடரில்லை. வேண்டாதபோது ஒரு பகலிற் பிரித்து வேறிடத்தில் நாட்டிவிடலாம். மோட்டார் வந்தபின் கொட்டில் கல்லாயிற்று, சீமெந்தாயிற்று. கல்லாகிய பொருள் பின்னர் அசையாது. அதனை எழுப்பியவர் மனமும் பெரும்பாலும் அசைவதில்லை.

எமது தந்தையாரும் பெரியதந்தையாரும் வலிகாமத்துக் கிராமமொன்றில் அடுத்தடுத்த வளவுகளில் வாழ்ந்தவர்கள். பாட்டனாருடைய நாலு பரப்புக் காணி இருவருக்கும் இரண்டிரண்டு பரப்பாகப் பிரிந்தது. இடையே கிளுவங் கதியால் நாட்டிய வேலி. பெரியதந்தையார் வாடகைக்கு மோட்டார் ஓட்டுபவர். பழைய ஒஸ்ரின் ஏ-40 ஒன்று அவரிடம் இருந்தது. 1984ஆம் ஆண்டு அவர் அதற்கொரு கொட்டகையை வேலியோரமாகக் கட்டினார். இருபதடி நீளம்; கற்சுவர்; தகரக் கூரை. அந்நாளில் எமது கிராமத்திற் கொட்டகைக்கெனப் படம் வரைந்து அநுமதி பெறும் வழக்கம் இருக்கவில்லை. சுவர் எழுந்த ஆண்டின் மாரியிலே கூரைத் தண்ணீர் முழுவதும் எமது முற்றத்தில் வந்து விழுந்தது. தந்தையார் நில அளவையாளரை அழைத்து அளப்பித்தார். சுவர் ஒன்பது அங்குலம் எமது காணிக்குள் நிற்பதாக அவர் சொன்னார்.

மாணவர்கள் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இருபதடி நீளமும் ஒன்பது அங்குல அகலமும் கொண்ட துண்டின் பரப்பளவு 15 சதுர அடி. பதினெட்டுக் குழி கொண்டது ஒரு பரப்பு. ஒரு குழி ஏறக்குறைய 151 சதுர அடி. ஆகவே சகோதரர் இருவரும் வழக்காடிய நிலம் ஒரு குழியிற் பத்தில் ஒரு பங்கு. அளவையாளருக்குக் கொடுத்த கூலி அந்த நிலத்தின் விலையிலும் அதிகம்.

எனினும் எவரையும் பேராசைக்காரர் என்று சொல்லிவிட முடியாது. கதியால்கள் பருக்கும்; பட்டது போகப் புதியது நாட்டப்படும்; ஆண்டுதோறும் வேலி அடைக்கும்போது ஒரு விரற்கடை இப்பாலும் ஒரு விரற்கடை அப்பாலும் நகரும். நாற்பது ஆண்டு நின்ற உயிர்வேலியின் நடு எது என்று யார் சொல்வார்? பெரியதந்தையார் வேலியைப் பார்த்துக் கட்டினார். தந்தையார் படத்தைப் பார்த்து அளந்தார். இருவரும் தத்தம் மனத்தளவில் நேர்மையாகவே நடந்தனர். அங்கீகரிக்கப்பட்ட கட்டடப் படம் ஒன்று சுவர் எழுமுன் இருந்திருப்பின் இரண்டு அளவும் ஒரே தாளில் சந்தித்திருக்கும்.

தந்தையார் நீதிமன்றுக்குச் சென்றதற்குக் காரணமும் சட்டத்திலேயே உண்டு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒருவர் பிறருடைய காணியைப் பத்து ஆண்டுகள் இடையறாது, உரியவரின் உரிமையை ஏற்காது தமதாகவே ஆண்டுவரின் அதற்கு அவர் உரித்துக் கோரலாம். “இப்போது பேசாதிருந்தால் பத்தாம் ஆண்டில் பேச வாயிராது” என்று யாரோ சொல்ல, வழக்குத் தொடுக்கப்பட்டது. அன்று முதல் அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பலகாரத் தட்டு வேலிக்கு மேலால் செல்வது நின்றது. எங்களைப் போன்ற பிள்ளைகள் பெரியம்மாவிடம் ஒளித்துப் போய் வந்தோம். யுத்தம் வந்து நீதிமன்றமும் ஒழுங்காக நடைபெறாது போகவே, வழக்கு முடிவின்றி இழுபட்டது.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்தை விட்டு எல்லாரும் தென்மராட்சிக்குப் புறப்பட்ட அந்த மாலையை எம் வயதினர் எவரும் மறக்கமாட்டார். நாம் அப்பொழுது பாடசாலை மாணவர். பாட்டியார் எங்கள் வீட்டில் இருந்தார். அவரால் நடக்க இயலாது. என்ன செய்வதென்று அறியாது தந்தையார் படலையில் நின்றபோது, மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடும் அந்த ஏ-40 எங்கள் வாசலில் வந்து நின்றது. பெரியதந்தையார் இறங்கவில்லை. “தம்பி, அம்மாவை ஏத்து. பிள்ளையளும் ஏறட்டும்” என்றார். பதினொரு ஆண்டுகளின் பின்னர் அவர் சொன்ன முதல் வார்த்தை அதுவே. செம்மணி வெளியிலும் நாவற்குழிப் பாலத்திலும் சனவெள்ளத்தினூடே அந்த வண்டி இரவு முழுவதும் ஊர்ந்தது. சகோதரர் இருவரும் மாறி மாறித் தள்ளிக்கொண்டு நடந்தனர்.

மறு ஆண்டு நாம் திரும்பியபோது கொட்டகையின் தகரங்கள் இல்லை, மரங்கள் இல்லை, ஒன்பது அங்குலச் சுவர் மாத்திரம் நின்றது. அதனை இடிக்கும்படி தந்தையார் கேட்கவில்லை. இடிப்பதாகப் பெரியதந்தையாரும் சொல்லவில்லை. வழக்கை இருவரும் கைவிட்டனர். ஆயினும் இழந்த பதினொரு ஆண்டுகளை எந்த நீதிமன்றமும் எவருக்கும் மீட்டுக் கொடுக்கவில்லை. பெரியதந்தையார் காலமான பின்னர் தந்தையார் அதனைச் சொல்லிச் சொல்லி வருந்தியதை நாம் கேட்டிருக்கிறோம்.

இத்தகைய துன்பங்களைத் தடுத்தற்கென்றே கட்டட விதிகள் உண்டாயின என்று சொன்னால் பலர் நம்பமாட்டார். கந்தோருக்கு அலைவிப்பதற்கும் கட்டணம் அறவிடுவதற்குமே விதிகள் ஏற்பட்டன என்பது எமது மக்களின் துணிபு. உண்மை வேறு. கொழும்பில் 1914ஆம் ஆண்டு பிளேக் நோய் தோன்றியது. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான குடியிருப்புகள் நோய்க்கு உறைவிடமாகும் என்பதை அக்கால அரசினர் உணர்ந்தனர். அடுத்த ஆண்டிலேயே, 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. உள்ளூராட்சி மன்றத்தின் அங்கீகாரம் பெற்ற படமின்றிக் கட்டடம் எழுப்பலாகாது என்பது அதன் அடிப்படை. புதிய வீடு மாத்திரமன்றி, இருக்கும் வீட்டோடு சேர்த்துக் கட்டும் புறக்கட்டடங்களும் அதில் அடங்கும். பின்னர், 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும், அதன்கீழ் 1986ஆம் ஆண்டிலும் 2021ஆம் ஆண்டிலும் ஆக்கப்பட்ட விதிகளும் வந்து சேர்ந்தன. ஆகவே, “கராச் தானே” என்னும் விடை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகவே சட்டத்துக்கு ஒவ்வாதது.

இவ்விதிகளுள் ஒன்று கணிதம் பயிலும் மாணவர்க்கு விருந்தாகும். வீட்டின் பின்புறத்து வெளியின் எல்லையில், நிலமட்டத்திலிருந்து 63½ பாகைச் சாய்வில் ஒரு கோடு வரைந்தால், கட்டடத்தின் எப்பகுதியும் அக்கோட்டை ஊடறுத்தல் கூடாது என்பது விதி. அது என்ன 63½? முக்கோண கணித அட்டவணையை எடுத்துப் பார்ப்பின் அக்கோணத்தின் தாஞ்சன் ஏறக்குறைய 2 என்று காண்போம். அதாவது, சுவரின் உயரம் எவ்வளவோ, அதிற் பாதியளவு வெளி முன்னால் இருத்தல் வேண்டும். பத்தடிச் சுவருக்கு ஐந்தடி வெளி. பம்பாயில் 1896ஆம் ஆண்டு பிளேக் பரவிய பின்னர், அந்நகரின் சீர்திருத்தத்துக்காக 1898இல் நிறுவப்பட்ட மன்றத்தினர் வற்புறுத்திய கோணம் இதுவே. வானத்தின் ஒளி அறையின் உள்ளே சென்று விழவேண்டுமாயின் எதிர்ச்சுவர் இதற்குமேல் எழலாகாது என்று கணக்கிட்டனர். உயிர்களைப் பலிகொண்ட ஒரு நோயின் நினைவே அந்த ஒரு கோணத்தில் ஒளிந்து கிடக்கிறது.

சென்ற ஆண்டு எமக்கும் ஒரு கொட்டகை வேண்டியதாயிற்று. தந்தையார் இப்பொழுது எங்களுடன் யாழ்ப்பாண நகர்ப்புறத்தில் வசிக்கிறார். முழங்கால் தளர்ந்துவிட்டது. மாதம் இருமுறை ஆசுப்பத்திரிக்கு அழைத்துச் செல்லவேண்டும். மழையில் நனையாமல் அவர் வண்டியில் ஏறி இறங்க வேண்டுமாயின் வீட்டுச் சுவரோடு சேர்ந்த கொட்டகையே தகும். வீட்டுக்கும் பக்கத்து மதிலுக்கும் இடையே பதினைந்தடி இருந்தது. மதிலுக்கு அப்பால், மூன்றடி தள்ளி, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீடு. நாம் அவரை அக்கா என்றே அழைப்பது. அவருடைய வாசிப்பு அறையின் ஒரே சாளரம் எமது பக்கத்தைப் பார்த்தே அமைந்திருக்கிறது. கண்பார்வை குன்றிய அவர் பகலில் அந்தச் சாளரத்தருகே இருந்துதான் பத்திரிகை படிப்பார்.

மேசன் வந்து பார்த்தார். “மாஸ்டர், மதிலோடை சேர்த்து எழுப்பினால் இடம் மிச்சம். மோட்டச் சைக்கிளும் விடலாம், விறகும் அடுக்கலாம். ஆர் கேக்கப்போகினம்?” என்றார். அவர் எமது நன்மையைக் கருதியே சொன்னார் என்பதில் ஐயமில்லை. ஆனால் “ஆர் கேக்கப்போகினம்” என்பதே எமக்கு அச்சத்தை உண்டாக்கிற்று. அக்கா கேட்கமாட்டார், கேட்கும் இயல்பினர் அல்லர். கேளாதவருடைய வெளிச்சத்தை மறைப்பது கேட்பவருடையதை மறைப்பதிலும் கொடிதன்றோ!

ஆகவே நாம் முதலில் எமக்குத் தேவையான இடம் எவ்வளவு என்று கணித்தோம். ஒரு மோட்டார் நிறுத்துவதற்கு 1986ஆம் ஆண்டின் விதிகள் குறித்த அளவு 2.4 மீற்றர் அகலமும் 4.8 மீற்றர் நீளமும். அதாவது ஏறக்குறைய எட்டடியும் பதினாறடியும். முதியவர் ஒருவர் கதவை முழுவதும் திறந்து, கைபிடித்து இறங்க வேண்டுமாயின் இன்னும் இரண்டடி அகலம் வேண்டும். உட்புறம் பத்தடி, ஆறு அங்குலச் சுவர், மிகுதி நாலரை அடி. மதிற்பக்கத்துச் சுவரின் உயரம் ஒன்பதடி. ஒன்பதிற் பாதி நாலரை. பின்முற்றத்துக்கென ஏற்பட்ட அந்தக் கோணத்தைப் பக்கத்துக்கும் நாமாகவே எடுத்துக்கொண்டோம். சட்டம் எமது வீட்டின் வெளிச்சத்துக்காக விதித்த அளவை அயல்வீட்டின் வெளிச்சத்துக்கும் பொருத்திப் பார்த்தோம், பொருந்திற்று.

இரண்டாவது மழைநீர். கொட்டகைக் கூரை வீட்டுச் சுவரிலிருந்து சரிவதால் நீர் அயலவர் பக்கமாகவே ஓடும். பத்தடி அகலமும் இருபதடி நீளமும் கொண்ட கூரையில் இரண்டு அங்குல மழை பெய்தால் சேரும் நீர் ஏறக்குறைய 940 லீட்டர். மண்ணெண்ணெய்த் தகரத்தால் அளப்பின் ஐம்பதுக்கு மேற்பட்ட தகரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது ஒரே இரவில் நிகழக்கூடியது. எமது நாட்டில் வழங்கும் உரோம-டச்சுச் சட்டம் இதனையும் கவனித்திருக்கிறது. தனது கூரைநீரை அயலவன் காணியில் விழவிடும் உரிமை எவருக்கும் இயல்பாக இல்லை. அயலவன் இசைந்து கொடுத்தாலோ, நெடுங்கால வழக்கத்தாலோதான் அது உண்டாகும். ஆகவே பீலி அமைத்து, நீரைப் பின்வளவிலுள்ள தென்னைகளுக்குச் செலுத்தினோம்.

மூன்றாவது காற்று. மூடிய கொட்டகையில் இயந்திரத்தை ஓடவிட்டு நிற்பது உயிருக்கு ஆபத்து. புகையில் உள்ள காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் அது ஒட்சிசனிலும் பார்க்க இருநூறு மடங்குக்கு மேலான பற்றுடன் சேர்வதால், மூச்சு இருந்தும் உடல் ஒட்சிசனின்றி மயங்கும். ஆகவே கொட்டகையின் முன்பக்கத்தைக் கம்பிப் படலையாக்கி, பின்சுவரின் மேற்புறத்தில் காற்றுக்கற்கள் வைத்தோம். வீட்டின் படுக்கையறைச் சாளரம் கொட்டகைக்குள் திறவாதபடி வேறு சுவருக்கு மாற்றினோம்.

நாலாவது கிணறு. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்தது. அக்கல் வெடிப்பும் துளையும் நிறைந்தது. மேலே சிந்துவது விரைவில் நீரைச் சென்றடையும். சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்ததும், அவ்வழக்கில் 2019ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் மக்களுக்கு இழப்பீடு வழங்கும்படி தீர்ப்பளித்ததும் பலரும் அறிந்தவை. ஒரு மோட்டாரில் இருந்து சொட்டும் எண்ணெய் சிறிதாயினும் அது சொட்டுவது நித்தமும் ஓரிடத்தில். நிலத்துக்குச் சீமெந்து இட்டு, கழுவும் நீர் கிணற்றுப் பக்கம் ஓடாதவாறு சரிவு அமைத்தோம்.

ஐந்தாவது ஒழுங்கை. கொட்டகையின் வாயில் ஒழுங்கையை முட்டி நின்றால் படலை திறக்கும்வரை வண்டி ஒழுங்கையில் நிற்கும். பின்னோக்கி எடுக்கும்போது பாடசாலைக்குச் செல்லும் சிறுவர்கள் கண்ணிற் படமாட்டார். கட்டடக் கோட்டுக்கு உள்ளே தள்ளிக் கட்டுக என்று விதி சொல்வது வீதியை அகலிப்பதற்கு மாத்திரமன்று; இந்தச் சிறுவர்களுக்காகவுமே.

இவ்வளவும் தாளில் வரைந்தபின், மன்றத்துக்குக் கொண்டுசெல்லுமுன் படத்தை அக்காவிடம் காட்டினோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “தம்பி, யன்னலுக்கு நேரே எவ்வளவு வருது?” என்று மெல்லக் கேட்டார். நாலரை அடியும், மதிலுக்கு இப்பால் அவருடைய மூன்றடியுமாக ஏழரை அடி என்றோம். “காணும், காணும். நான் ராவிராவா யோசிச்சுக்கொண்டு கிடந்தனான். மேசன் வந்து அளக்கேக்கை பாத்தனான். கேக்க மனம் வரேல்லை” என்றார். ஒரு வயது முதிர்ந்த பெண்மணி எத்தனை இரவு உறக்கமின்றிக் கிடந்தாரோ! அந்தக் கவலையைத் தீர்ப்பதற்கு வேண்டியிருந்தது ஒரு தாளும் கால்மணி நேரமுமே.

அத்திவாரத்துக்கு முளை அடித்த அன்று தந்தையார் கோலூன்றி வந்து நின்றார். கயிற்றைப் பார்த்தார்; மதிலைப் பார்த்தார். “அளவையாளர் கல்லைக் காட்டு” என்றார். காட்டினோம். “சரி. இனிக் கட்டு” என்று சொல்லித் திரும்பிவிட்டார். அதற்குமேல் அவர் ஒன்றும் கூறவில்லை, கூறவேண்டியதும் இல்லை.

இனி, கொட்டகை கட்ட எண்ணும் குடும்பத்தினருக்குச் சில சொற்கள். முதலில் அநுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு எல்லைக் கற்களை உறுதிப்படுத்துங்கள்; வேலியையும் மதிலையும் நம்பிவிடாதீர்கள். பின்னர் தகுதியுள்ளவரைக் கொண்டு படம் வரைவித்து, உறுதியின் பிரதி, அளவைப் படம் ஆகியவற்றுடன் உங்கள் மாநகரசபை, நகரசபை அல்லது பிரதேசசபையில் விண்ணப்பியுங்கள். எல்லையைத் தொடும் சுவரில் சாளரம் வைக்க எண்ணாதீர்கள். கிடைக்கும் அநுமதிப்பத்திரம் ஓராண்டுக்கே செல்லும். அதற்குள் கட்டுங்கள், அல்லது காலத்தை நீடிப்பியுங்கள். கட்டி முடிந்ததும், கட்டடம் படத்துக்கு அமைந்தது என்னும் சான்றிதழைத் தவறாது பெறுங்கள். பிற்காலத்தில் வீட்டைப் பிள்ளைக்குச் சீதனமாக எழுதும்போதும், வங்கியில் ஈடு வைக்கும்போதும் அதன் அருமை தெரியும். அநுமதியின்றி எழுந்த கட்டடத்தை நீதவானின் கட்டளை பெற்று இடிப்பிக்கவும் சட்டத்தில் இடமுண்டு என்பதையும் மறவாதீர்கள்.

இவை யாவற்றுக்கும் முன்பு செய்யவேண்டியது ஒன்றுண்டு. படத்தை எடுத்துக்கொண்டு அயல்வீட்டுக்குப் போங்கள். விதி எழுதியவர் உங்கள் அயலவரைக் கண்டவர் அல்லர். அவர் எந்தச் சாளரத்தருகே இருந்து படிக்கிறார், எந்த மூலையில் துளசிமாடம் வைத்திருக்கிறார், எந்த அறையில் நோயாளி படுத்திருக்கிறார் என்பன நீங்கள் மாத்திரமே அறிந்தவை. சபையின் முத்திரை விழுந்த படம் உங்களை அபராதத்திலிருந்து காக்கும். அயலவர் கண்டு தலையசைத்த படமோ, உங்கள் பிள்ளைகளும் அவர் பிள்ளைகளும் பொங்கற் பலகாரத்தை மதிலுக்கு மேலால் கைமாற்றும் வழக்கத்தைக் காக்கும்.